திரையில் தொங்கும் சரக்கு

காஜா மொய்தீன் பாயின் ஆபீசுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது பாயை அல்ல, வரலட்சுமியின் கம்ப்யூட்டர் திரையை. அதை அப்படித்தான் வைத்திருந்தார்கள். திரையின் முகம் வாசலைப் பார்த்து இருக்கும். அதில் வேலை செய்கிற வரலட்சுமி மட்டும் பதினோரு வருஷமாகக் கழுத்தை இடப்பக்கம் ஒடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராயபுரம் பாலத்தை ஒட்டிய சந்தில், முதல் மாடியில் ஒரே அறை. ஏற்றுமதி செய்கிறவர்களின் கண்டெய்னருக்குக் காகிதம் தயார் செய்து, கப்பலில் ஏற்றி அனுப்பிவைப்பது தொழில். ஆபீசுக்கு ஒரே மெயில் முகவரி. அதற்கு வாயும் காதும் வரலட்சுமிதான்.

அந்தத் திரையில் என்னதான் இல்லை? இடப்பக்கம், இதுவரை சரக்கு ஏற்றிய ஒவ்வொரு கப்பலின் பெயரிலும் ஒரு ஃபோல்டர். அதில் பாதிக் கப்பலை உடைத்து இரும்பாக விற்றே வருஷங்கள் ஆகியிருக்கும். மேலே இரண்டு வரிசை பட்டன்கள். அதில் நாலைந்தைத் தவிர மற்றது எதற்கென்று அந்த மெயில் புரோகிராமைச் செய்தவனுக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். வலப்பக்கம் காலண்டர், காலண்டருக்குக் கீழே செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், அதற்கும் கீழே கோலாலம்பூரில் இன்று மழை வருமா என்ற தகவல். மெயில்களுக்குப் பதினான்கு கலரில் பட்டை. இத்தனையும் போக, மெயில் வரிசைக்குக் கீழே மிச்சமிருந்த சந்தில் ஒரு மெயிலின் மூன்று வரி தெரியும். நாலாவது வரி வேண்டுமென்றால் உருட்ட வேண்டும்.

பாய்க்கு அதுவும் போதவில்லை. எந்த மெயிலையும் அழிக்கக் கூடாது, படித்து முடித்ததைக்கூடப் படிக்காத மெயிலாகத் திருப்பிக் குறித்துவைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அப்படிச் செய்தால் மெயில் தடித்த எழுத்தில் நிற்கும், மேலே எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகும். புதிதாக யார் வந்தாலும் நாற்காலியில் உட்காரவைத்து, டீ வருவதற்கு முன்னால் அந்த எண்ணைத்தான் காட்டுவார். பக்கத்து நாற்காலியில் இருந்த ரேச்சல் ஒருநாள் தெரியாத்தனமாக அறுநூறு பழைய மெயில்களை அழித்துவிட்டாள். எண்ணிக்கை இறங்கியதைப் பார்த்த பாய்க்கு ரத்த அழுத்தம் ஏறியது. அது ஜூன் மாதம். ஜூலை முதல் தேதியிலிருந்து ரேச்சல் எண்ணூர் யார்டில் இருக்கிறாள்.

எண்ணூர் யார்டு என்பது பாய் வாடகைக்கு எடுத்த ஒரு பொட்டல். கண்டெய்னருக்குள் சரக்கை அடுக்குகிற இடம். அங்கே பழைய கண்டெய்னரில் ஜன்னல் வெட்டிய ஒரு கேபின், ஒரு மேசை, அனல்மின் நிலையத்துச் சாம்பல் தாராளமாக. ஆண்களுக்குக் காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடைக்காரம்மா வீடு, அந்தம்மா இருந்தால் உண்டு. ரேச்சல் காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள், அடுத்தது ராத்திரி ஏழு மணிக்கு வீட்டில்தான். ஐந்து மாதத்தில் இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. அங்கே வரலட்சுமியால் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. அவளுக்குச் சர்க்கரை வேறு. மணிக்கு ஒருதரம் எழுந்து போகிறவள்.

தீபாவளி சமயத்தில் அவளுக்கும் ஒரு பிசகு நேர்ந்தது. கப்பலுக்கு 'கட்-ஆஃப்' என்று ஒரு நேரம் உண்டு. அதற்குள் துறைமுக வாசலைத் தாண்டாத கண்டெய்னர், அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். மலேசியாவுக்குப் போகவேண்டிய முறுக்குக்கு, ஆறு மணி கட்-ஆஃபை இரண்டு மணியாக மாற்றி ஒரு மெயில் வந்திருந்தது. மாற்றம் நாலாவது வரியில் இருந்தது. வரலட்சுமி முதல் மூன்று வரியைத்தான் பார்த்தாள். முறுக்கு அடுத்த கப்பலில் ஏறி, கொழும்பில் இன்னொரு கப்பல் மாறி, தீபாவளி முடிந்த ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தது. முறுக்கு அனுப்பிய பார்ட்டி போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா நீ எண்ணூருக்குப் போய்டுமா," என்றார் பாய். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது.

டிசம்பர் முதல் சனிக்கிழமை பாய் ஒரு நிக்காஹ்வுக்காக வண்ணாரப்பேட்டை போயிருந்தார். மத்தியானம் ஆபீசில் வரலட்சுமியும் மின்விசிறியும் மட்டும். மேலே 'வியூ' என்று ஒரு பட்டன் இருப்பது அவளுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். அதைத் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று விட்டுவைத்திருந்தாள். அன்றைக்குத் தொட்டாள். கோலாலம்பூர் மழை முதலில் போனது. தொடர்ந்து காலண்டர், வேலைப் பட்டியல், இரண்டு வரிசை பட்டனில் ஒன்றரை வரிசை. கப்பல் ஃபோல்டர்களை ஓரமாக மடக்கினாள். மெயிலைப் படிக்கும் கட்டத்தைக் கீழேயிருந்து எடுத்து வலப்பக்கம் நெட்டுக்குத்தாக நிறுத்தினாள். இப்போது நாலாவது வரி தெரிந்தது. நாற்பதாவது வரியும் தெரிந்தது. கட்-ஆஃப் மெயில் எது வந்தாலும் தானாக மேலே ஏறி உட்காரும்படி ஒரு ஏற்பாடு செய்தாள். கடைசியாக, டிசம்பருக்கு முந்தைய எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து, 'அப்புறம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் தள்ளினாள். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

திரையில் ஏழே ஏழு மெயில் இருந்தது. கழுவிவிட்ட தரையைப் பார்ப்பதுபோல அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு நிறைந்துபோயிருந்தது, பொய் சொல்வானேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பாய் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, கடைய மூடிட்டியா?"

"கிளீன் பண்ணேன் பாய். இப்ப எல்லாம் நல்லா தெரியுது."

"தெரியறதுக்கு அதுல இன்னா கீது? ஒண்ணுமே இல்லியேம்மா."

வரலட்சுமி விளக்கப் பார்த்தாள். பாய் கேட்கிற நிலையில் இல்லை. அவர் வியாபாரம் படித்தது வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், அவருடைய அப்பாவின் ஜவுளிக்கடையில். கண்டெய்னர் தொழிலுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியும் அந்தக் கடை அவரை விட்டு இறங்கவில்லை.

"எங்க வாப்பா கடையில வாசல்ல நைட்டி தொங்கும் பாரு, கஸ்டமரு ரெண்டு கையாலயும் வெலக்கிக்கினுதான் உள்ள வரணும். அப்பத்தான் இங்க சரக்கு கீதுன்னு நம்புவான். வெறுஞ்செவுரு கீற கடைக்கு எவன் வருவான்?"

"இது கடை இல்லியே பாய். மெயிலு."

"எல்லாமே கடைதாம்மா." பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். "வியாழக்கெழம மணலி புதுநகர்லேர்ந்து பானைக்காரம்மா வருது. பொங்கப்பானை, மலேசியாவுக்கு. அந்த முறுக்குல போன மானத்த இந்தப் பானையிலதான் புடிக்கணும். அதுக்குள்ள பழையமாரி எல்லாம் தொங்கணும். இல்லாங்காட்டி வெள்ளிக்கெழம நீ எண்ணூரு போ, ரேச்சல் இங்க வரட்டும்."

தனக்காகப் பயப்படுவதா, ரேச்சலுக்காகச் சந்தோஷப்படுவதா என்று வரலட்சுமிக்குத் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரேச்சலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"வாக்கா, வந்து என்ன காப்பாத்துன்னு சொல்ல ஆசையாத்தான் கீது," என்றாள் ரேச்சல். "ஆனா நீ வராத. உனுக்கு சுகர் கீது. ஒரு மணி நேரம் தாங்க மாட்ட."

"நீ மட்டும் எப்டிடி தாங்குற? பாயாண்ட கேக்க வேண்டிதுதானே?"

"எழுதிப் போட்டேனேக்கா."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நீயும்தான் ஒண்ணும் சொல்லல." அந்தப் பக்கம் லாரி ஹாரன் அடித்தது. நம்பர் குறிக்க வேண்டும் என்று ரேச்சல் போனை வைத்துவிட்டாள். தான் என்ன சொல்ல வேண்டியிருந்தது என்று வரலட்சுமிக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பூராவும் பழையதைத் திருப்பிக் கட்டப் பார்த்தாள். எடுத்தது சுலபமாக இருந்தது, எது எங்கே இருந்தது என்பதுதான் நினைவில்லை. கடைசியில் 'பழைய நிலைக்குத் திரும்பு' என்று ஒரு பட்டன் கண்ணில் பட்டது. நம்பி அழுத்தினாள். அந்த புரோகிராம் பாயின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, தன்னுடைய பழைய நிலைக்கு, பிறந்த அன்றைக்குத் திரும்பிவிட்டது. திரை முழுக்க ஒரு பலூன் படம் வந்து, உங்கள் மெயில் பெட்டியை நேசிக்கத் தயாரா என்று கேட்டது.

"இது யாரு கடைம்மா?" என்றார் பாய், பின்னால் நின்றபடி. "நம்ம போர்டையே காணோம்."

பலூனைத் துரத்திவிட்டு, சனிக்கிழமை செய்ததை மறுபடி செய்து முடிக்க ராத்திரி எட்டு ஆகிவிட்டது. வேறென்ன செய்வது? பானைக்காரம்மா வருகிறாளோ இல்லையோ, தினசரி கட்-ஆஃப் வந்துகொண்டுதானே இருக்கிறது.

புதன்கிழமை காலை பாயிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது. செய்தியைவிட, பக்கத்திலிருந்த வட்டத்தில் பாயின் படம் அவள் கண்ணை இழுத்தது. அது அவளே எடுத்த படம். ஆயுத பூஜை அன்றைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்ததும், பாய் தாமாகவே வந்து பக்கத்தில் நின்று, "திரை நல்லா தெரியற மாரி எடும்மா," என்று சொல்லி எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு வருஷமும் எடுப்பதுதான். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாய்க்குப் பக்கத்தில் திரை பளிச்சென்று இருந்தது. ஃபோல்டர், காலண்டர், மழை, பதினான்கு கலர், மேலே எண்ணிக்கை 11,486. ஒன்றும் குறையவில்லை.

பாய் வந்ததும் கேட்டாள். "பாய், உங்க வாப்பா கடை வாசல்ல தொங்குன நைட்டிய எவனாச்சும் வாங்கிக்கினு போனானா?"

"அத்த யாரு விப்பாங்க? அது டிஸ்ப்ளேம்மா. ஊதா கலரு. நான் ஆறாங்கிளாஸ் படிக்க சொல்லோ தொங்கவுட்டது, என் கண்ணாலத்தப்ப கூட தொங்கிக்கினு இருந்துது."

"விக்கற சரக்கு?"

"அது பின்னாடி குடோன்ல. லேபிள் ஒட்டி அடுக்கி வெச்சிருப்பாரு வாப்பா. கண்ண மூடிக்கினு எடுக்கலாம்."

"அப்ப நம்மளும் ஒரு நைட்டி தொங்கவுடலாம் பாய்," என்றாள் வரலட்சுமி.

பரணிலிருந்து பழைய மானிட்டரை இறக்கித் தூசி தட்டினாள். படத்தில் பாயை வெட்டிவிட்டுத் திரையை மட்டும் எடுத்து, அந்த மானிட்டர் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கிப் போட்டு, வாசலைப் பார்க்க நிறுத்தினாள். எவ்வளவு வெட்டினாலும் கீழ் ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு மட்டும் உள்ளே வந்துவிட்டது. போகட்டும் என்று விட்டாள். தன்னுடைய நிஜத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாகக் கழுத்து நேராக நின்றது.

பாய் படியிறங்கிப் போய், கஸ்டமர் மாதிரி மறுபடி ஏறி வந்து பார்த்தார்.

"மாஷா அல்லா," என்றார். "கடை கடையாட்டம் கீது."

வியாழக்கிழமை வந்த பானைக்காரம்மாவின் பெயர் மதி. முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஹெல்மெட், தோளில் பை, ஸ்கூட்டரிலேயே மணலி புதுநகரிலிருந்து வந்திருந்தாள். பித்தளைப் பானை கம்பெனி அவளுடையது. பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு, எடுத்த எடுப்பில் எண்ணுக்குப் போனார்.

"பாரும்மா. பதினொண்ணாயிரத்து நானூத்தி எண்பத்தாறு."

"எல்லாம் படிக்காத மெயிலா?"

"எல்லாம் வேலைம்மா."

மதி திரையருகே குனிந்தாள். "குங்குமம் ஒட்டியிருக்கு சார்," என்று கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள். போகவில்லை. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கித் தேய்த்தாள். நகத்தால் சுரண்டியும் பார்த்தாள். வரலட்சுமிக்குக் கால் விரலெல்லாம் சுருட்டிக்கொண்டது.

"இது உள்ள இருக்கு," என்றாள் மதி.

"பழைய மானிட்டரும்மா," என்றார் பாய். "ஊறிப்போச்சு."

மதி குங்குமத்தை விட்டுவிட்டு மேலே படிக்க ஆரம்பித்தாள். வியாபாரம் செய்கிறவள் கண், மெயில் வரிசையில் மூன்றாவதிலேயே நின்றது. "முறுக்கு கண்டெய்னர், கட்-ஆஃப், அவசரம். அக்டோபர் மாச மெயிலு. டிசம்பராச்சு, இன்னும் படிக்கலையா நீங்க?"

ஆயுத பூஜை அன்றைக்கு அந்த மெயில் வந்து காத்திருந்தது, சந்தனம் வைக்கிற மும்முரத்தில் யாரும் நாலாவது வரிக்குப் போகவில்லை. பாய்க்குப் பொய்யை நீட்டத் தெரியாது, காட்டிக்கொள்ளத்தான் தெரியும்.

"அது போட்டோம்மா," என்றார்.

எண்ணூர் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று வரலட்சுமி நினைத்தாள். இனிமேல் இழக்க ஒன்றுமில்லை என்றதும் கையில் ஒரு தைரியம் வந்தது. நிஜத் திரையை அப்படியே மதியின் பக்கம் திருப்பினாள்.

"வேலை இதுலதான் நடக்குது மேடம். அந்த முறுக்க உட்டது நான்தான். நாலாவது வரி தெரியல. இப்ப தெரியும். உங்க பானைக்கு கட்-ஆஃப் மாறிச்சுன்னா மொத வரியா இங்க வந்து நிக்கும், நான் பாக்காம வூட்டுக்குப் போவ முடியாது."

திரையில் ஐந்து மெயில் இருந்தது. மதி அவள் கையிலிருந்து மௌஸை வாங்கி ஒன்றைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். தலையை ஆட்டினாள். பாய் மூச்சு விட்டார். டீக்குச் சொல்லலாமா என்று எழுந்தார்.

ஆனால் மதி மறுபடி அந்தப் படத்துக்குத் திரும்பிவிட்டாள். படிக்கத் தொடங்கினால் முழுக்கப் படிக்கிற ஜாதி அவள். "முறுக்குக்கு ரெண்டு வரி கீழ ஒண்ணு இருக்கே. அனுப்பினது ரேச்சல். 'யார்டில் லேடீஸ் டாய்லெட் இல்லை, மூன்றாவது முறை எழுதுகிறேன்.'" நிமிர்ந்து பார்த்தாள். "எங்க பானைய அந்த யார்டுலதானே ஏத்துவீங்க? எங்க பொண்ணுங்க எட்டு பேர் வந்து ரெண்டு நாள் இருந்து அடுக்குவாங்க."

"டாய்லெட் கீதும்மா," என்றார் பாய்.

"இல்ல," என்றாள் வரலட்சுமி.

சொல்லிவிட்டு, 'அப்புறம்' ஃபோல்டரைத் திறந்தாள். ரேச்சல் பெயரைத் தேடினாள். ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. மூன்றும் தடித்த எழுத்தில், திறக்கப்படாமல். முதல் மெயில் பாய்க்கு எழுதியதே இல்லை. 'அக்கா, நீ எடுத்துச் சொன்னா பாய் கேப்பாரு' என்று ஆரம்பித்திருந்தது. போனில் ரேச்சல் சொன்னது அப்போதுதான் வரலட்சுமிக்கு உறைத்தது. குப்பையோடு குப்பையாக இதையும் வாரிப் போட்டுவிட்டுத் தரை சுத்தமானது என்று அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. பாயைத் திட்டக்கூடத் தனக்கு வாய் இல்லை என்று தோன்றியது. ஆனாலும் சொன்னாள்.

"மூணு தபா எழுதியிருக்கா பாய். நானும் படிக்கல, நீங்களும் படிக்கல. காலைல ஆறு மணிக்குக் குடிக்கிற தண்ணியோட ராத்திரி வரிக்கும் கெடக்கா அந்தப் பொண்ணு."

பாய் உட்கார்ந்துவிட்டார். வாப்பாவின் கடையில் வேலை பார்த்த பெண்களுக்குப் பின்கட்டில் தனிக் கழிப்பறை இருந்தது, அதற்குப் பூட்டும் சாவியும்கூட இருந்தது. அது நினைவுக்கு வந்ததோ என்னவோ, போனை எடுத்துக் கொத்தனாரின் நம்பரைத் தேடினார்.

மதி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். "கட்டி முடிச்சதும் சொல்லுங்க சார். பானை அனுப்புறேன். மெயில் இந்த அக்காதான் பாக்கணும்." வாசல்வரை போனவள் திரும்பி, "பொங்கலுக்கு இன்னும் முப்பத்தஞ்சு நாள்தான் இருக்கு," என்றாள்.

பாய் ஒன்பது நாளில் கட்டினார். ஆபீசுக்கே வரவில்லை, கொத்தனாருக்குப் பின்னாலேயே எண்ணூரில் நின்றார். வெள்ளை டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, உள்பக்கம் தாழ்ப்பாள், வெளியே பூட்டு. சாவியை ரேச்சலிடம் அவரே கொடுத்து, மூன்று மெயிலுக்கும் சேர்த்து ஒரே பதிலாக, "மாப்பு பண்ணிக்கம்மா," என்றாராம். அப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம், லேடீஸ் வேலை செய்யற எடத்துல இதெல்லாம் கண்டிப்பா இருக்கணும்மா என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவரை யாரும் மாற்ற முடியாது. பானைகள் கட்-ஆஃபுக்கு ஐந்து மணி நேரம் முன்னாலேயே துறைமுக வாசலைத் தாண்டின.

பானை அடுக்கத் தொடங்கிய முதல் நாள் மத்தியானம் வரலட்சுமியின் திரையில் ஒரு மெயில் வந்தது. ரேச்சல் அனுப்பியிருந்தாள். ஒரே வரி. 'ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சேன்க்கா.'

வரலட்சுமி அதை நாலு முறை படித்தாள். படித்துவிட்டு, பாயின் பழைய சட்டப்படி, படிக்காத மெயிலாகத் திருப்பிக் குறித்தாள். அது தடித்த எழுத்தில் மேலே நின்றது. பொங்கல் முடிந்தும் நின்றது. வேலை முடிந்து திரையில் ஒன்றுமே இல்லாத சாயங்காலங்களிலும் அது ஒன்று மட்டும் நின்றது.

ஒருநாள் பாய் அவள் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் எடுத்துட்ட. அந்த ஒண்ணு மட்டும் ஏம்மா தொங்கிக்கினு கீது?"

"அது டிஸ்ப்ளே பாய்," என்றாள் வரலட்சுமி.